ஒரு தடவைதான் அமுக்கணும்

எந்தக் காரில் ஏறினாலும் அவர் செய்கிற காரியம் ஒன்று உண்டு. உட்கார்ந்து கதவைச் சாத்துவார். சாத்திய உடனே உள்ளே இருக்கிற கைப்பிடியை இழுத்துத் திறந்து பார்ப்பார். மறுபடி சாத்துவார். அதற்கப்புறம்தான் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "ம், போலாம்" என்பார். டாக்ஸியில் ஏறினாலும் இதேதான். டிரைவர் கண்ணாடி வழியாக முறைப்பார், இவர் கண்டுகொள்ள மாட்டார். ஒருமுறை பூவும் ரிப்பனும் கட்டிய கல்யாணக் காரில் இப்படிச் செய்து, கைப்பிடியில் கட்டியிருந்த ரிப்பன் அறுந்து, மாப்பிள்ளையின் அம்மா முகம் கறுத்துப்போனது.

அவரை லாத்தா என்று கூப்பிடுவோம். தமிழ் முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். நான் திருச்சியிலிருந்து வந்தவள், வேறு வீட்டுப் பெண், ஆனாலும் எனக்கும் லாத்தாதான். சிங்கப்பூரில், எங்கள் ஈசூன் அடுக்குமாடி புளோக்கில் சீனக் கிழவிகூட அவரை 'லாதா' என்று அழைக்கும். அவர் மூன்றாம் மாடி, நான் ஏழாம் மாடி. ஐம்பதைத் தாண்டியவர், கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. வாடகைக்கு எடுத்த காரில் பயணிகளை ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது. தம்பி மகளோடு மலேசியாவில் ஜோகூர் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். பழைய எண்ணுக்கு அடித்தால் யாரோ மலாயில் பேசுகிறார்கள்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், லிப்ட் கொஞ்சம் குலுங்கினால் கந்தசஷ்டி கவசம் ஆரம்பித்துவிடுவேன். லாத்தாவோ கொட்டுகிற மழையில், இரண்டு லாரிகளுக்கு நடுவில், ஒரு கையால் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு விரைவுச்சாலையில் போவார். உலகத்திலேயே பயமில்லாத ஒரே பெண்பிள்ளை இவர்தான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் சிநேகம் ஒரு பெட்ரோல் நிலையத்தில் தொடங்கியது. சாங்கி விமான நிலையத்துச் சரக்குப் பிரிவு அலுவலகத்தில் எனக்கு வேலை. விடியற்காலை ஷிப்ட்டுக்கு ரயில் இல்லை என்பதால் ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். ஐரோப்பியக் கார், இங்கே கார் வைத்துக்கொள்ளத் தருகிற பத்து வருட உரிமம் முடிய இரண்டு வருடம்தான் பாக்கி. ஒரு சனிக்கிழமை ஜோகூர் போகக் கிளம்பினேன். எல்லையில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டுமென்றால் டாங்கில் முக்கால்வாசியாவது பெட்ரோல் இருக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவசரத்தில் பெட்ரோல் நிலையத்தில் நுழைந்து, தப்பான பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டேன். குழாய் எட்டவில்லை. பின்னால் வரிசை. பக்கத்துக் காரிலிருந்து லாத்தா இறங்கி வந்தார்.

"எத்தன வருசமா ஓட்டுறே?"

"மூணு வருசம்."

"மீட்டர்ல பெட்ரோல் பம்பு படம் இருக்குல்ல. அது பக்கத்துல குட்டியா ஒரு முக்கோணம் பாரு. அது எந்தப் பக்கம் காட்டுதோ அந்தப் பக்கந்தான் மூடி. இதுகூடப் பாக்காம மூணு வருசமா ஓட்டுறியா, அலாமாக்!"

பார்த்தேன். இருந்தது. மூன்று வருடமாகத் தினமும் என் கண்ணுக்கு நேராக இருந்திருக்கிறது.

அன்றிலிருந்து கார்பார்க்கில் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்றைக் காட்டுவார். முன்கண்ணாடி ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் இருக்குமே, அவை அழகுக்கில்லை, கண்ணாடியை ஒட்டியிருக்கிற பசை வெயிலில் கெட்டுப்போகாமல் காப்பதற்கு. கியர் பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு மூடி இருக்கும், அதைப் பெயர்த்து உள்ளே குத்தினால் பாட்டரி செத்துப்போன வண்டியிலும் கியரை நகர்த்தலாம். ரிமோட் சாவியின் வயிற்றுக்குள் ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். நான் வாயைப் பிளந்து கேட்பேன். இதையெல்லாம் ஆசைக்குத் தெரிந்து வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறைத்தது. அவர் சொன்னதில் முக்கால்வாசி எதைப் பற்றியது என்று ஒருநாள் யோசித்தேன். எல்லாமே வெளியே வருவதைப் பற்றியது.

"கதவுக் கண்ணாடி மூலையில பொடி எழுத்துல எழுதியிருக்கும், படி. சில கண்ணாடி ஒரு தட்டுல பொலபொலன்னு கொட்டிரும். சிலது ரெண்டு கண்ணாடிய நடுவுல தாள் வெச்சு ஒட்டுனது, சுத்தியலால அடிச்சாலும் விரிசல்தான் விடும், தொறக்காது. உன்னோடது எதுன்னு தெரிஞ்சு வெச்சுக்கணும்லா."

"சீட்டுத் தலகாணியப் புடுங்கி அதோட கம்பியால ஒடைக்கலாம்னு வாட்ஸப்புல அனுப்புறானுங்க. அது கழுத்துக்கு வெச்சது, கண்ணாடிக்கு இல்ல. அத நம்பி உக்காராதே."

"சில கார்ல டிக்கிக்குள்ள ஒரு கைப்பிடி இருக்கும், இருட்டுல மினுங்கும். உள்ள மாட்டுன ஆளு இழுத்துட்டு வெளிய வரலாம். உன் கார்ல இல்ல. நான் பாத்துட்டேன்."

"நான் எதுக்கு லாத்தா டிக்கிக்குள்ள போகப் போறேன்?"

"யாரும் போகணும்னு போறதில்ல புள்ள."

அதற்கப்புறம் எந்தக் காரிலும் நிம்மதியாக உட்கார முடிந்ததில்லை. ஏறியதும் என் கண் தானாகக் கைப்பிடியைத் தேடும். "உங்களோட கார்ல வர்றதுக்கு ஈசூன்லேர்ந்து நடந்தே போயிடலாம்" என்று கேலி செய்வேன். சிரிப்பார். சிரித்துக்கொண்டே கைப்பிடியை இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார்.

என் கார்மேல் அவருக்குத் தனிச் சந்தேகம். கையேட்டை வாங்கிக்கொண்டுபோய், நான் ஒரு பக்கம்கூடப் புரட்டாத அந்தத் தடிப் புத்தகத்தை ஒரு வாரத்தில் முடித்தார். சாயங்காலம் என்னைக் கீழே கூப்பிட்டார். ஒரு பக்கத்தின் அடியில் கட்டம் கட்டி ஒரே ஒரு வரி இருந்தது. அதன்மேல் விரலை வைத்தார்.

"இந்தப் பொத்தான ஒரு தடவ அமுக்குனா பூட்டு. உள்ள ஆளு இருந்தா கைப்பிடிய இழுத்துத் தொறந்துக்கலாம். உடனே இன்னொரு தடவ அமுக்குனா உள்ள இருக்குற கைப்பிடியும் செத்துரும். நாலு கதவும்."

"எதுக்கு அப்படி?"

"திருடன் கண்ணாடிய ஒடச்சுக் கைய விட்டாலும் கதவு தொறக்கக் கூடாதாம். உள்ள மனுசன் இருந்தா என்ன பண்ணுவான்னு யோசிச்சானா பாரு. ஒரே ஒரு வரி எழுதிட்டுப் போயிட்டான்."

சோதித்துக் காட்டினார். பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கச் சொன்னார். வெளியில் நின்று நான் இரண்டு தடவை அமுக்கினேன். அவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு உள்கைப்பிடியை இழுத்தார். அது லொடலொடவென்று ஆடியது, எதையும் பிடிக்கவில்லை. கையைச் சட்டென்று வெளியே எடுத்துக்கொண்டார். அவர் பயப்படுவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"ஒரு தடவதான் அமுக்கணும். கேட்டியா?"

கேட்டேன். ஆனால் எனக்கு எதையும் ஒரு தடவை செய்து பழக்கமில்லை. காஸ் மூடியிருக்கிறேனா என்று இரண்டு தடவை பார்ப்பேன். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை ஆட்டிப் பார்ப்பேன். காரையும் டிக், டிக் என்று இரண்டு தடவை அமுக்கினால்தான் எனக்கு நடை வரும். இதை லாத்தாவிடம் சொல்லவில்லை, திட்டுவார் என்று பயம்.

"அப்படியே மாட்டிக்கிட்டா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஹார்ன் இருக்கே. சாவி இல்லாட்டியும், என்ஜின் ஓடாட்டியும் அடிக்கும். எல்லாக் கார்லயும் சொல்ல முடியாது. உன் கார்ல அடிக்குது, அமுக்கிப் பாத்துட்டேன். விடாம அடி. யாராவது திட்டவாச்சும் வருவாங்க."

அவருடைய பயம் எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு முறை சொன்னார். நாங்கள் இருவரும் ஜோகூரிலிருந்து திரும்பும்போது எல்லைப் பாலத்தில் நெரிசல், ஒரு மணி நேரமாக வண்டி நகரவில்லை. முன்னால் ஒரு சாமான் வேன் நின்றது. அதன் பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார். கல்யாணமான புதிதில் கணவர் மளிகைச் சாமான் வேன் ஓட்டினாராம். முன் சீட்டில் மாமனார் உட்கார்ந்ததால் இவரைப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் ஏற்றிக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். உள்ளே கைப்பிடி கிடையாது, ஜன்னல் கிடையாது, மிளகாய் நெடி. இதே பாலத்தில் இதேபோல நெரிசல்.

"தட்டலயா லாத்தா? கத்தலயா?"

"மாமனார் இருந்தாங்க. புதுப் பொண்ணு எப்படிக் கத்துறது? வீட்டுக்கு வந்து கதவத் தொறந்தப்ப, தூங்கிட்டேன்னு சொன்னேன்."

அவ்வளவுதான். கணவரிடம் கடைசிவரை சொல்லவே இல்லையாம்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். எழுதும்போது இப்போதும் கை ஈரமாகிறது.

லாத்தாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. லிட்டில் இந்தியாவில் பல் மருத்துவர். ஊசி போட்டால் அவர் வண்டி ஓட்ட முடியாது என்பதால் நான் கூட்டிக்கொண்டு போனேன். பிடுங்கி முடித்து, வாய் நிறையப் பஞ்சோடு, கண் செருக வெளியே வந்தார். எனக்குத் தேக்கா சந்தையில் மீன் வாங்க வேண்டும். "பத்து நிமிஷம் லாத்தா" என்றேன். அவர் என் சீட்டுக்குப் பக்கத்து முன் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு, பூட்டிவிட்டுப் போ என்று சைகை காட்டினார். சைகையிலேயே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு தடவை.

கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைத்தேன். இறங்கினேன். அவரைப் பார்த்துக்கொண்டே ஒரு தடவை அமுக்கினேன். திரும்பி இரண்டு அடி வைத்திருப்பேன். அதற்குள் கட்டைவிரல் தன் வேலையைச் செய்துவிட்டது. அது என்னைக் கேட்கவில்லை. எனக்குத் தெரியவும் இல்லை.

சந்தையில் கூட்டம். வஞ்சிரம் வெட்டித் தருகிற இடத்தில் எனக்கு முன்னால் ஆறேழு பேர். அலுவலகத் தோழி ஒருத்தியைப் பார்த்து அரட்டை வேறு. பத்து நிமிடம் நாற்பது நிமிடமானது. என் முறை வந்தது. பர்ஸை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன். கட்டைவிரலில் சாவி பட்டது. அந்த விரல் அமுக்கியது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

டிக். இரண்டு அடி. டிக்.

மீன்காரர் "அக்கா, துண்டு போடவா, முழுசாவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஓடினேன். அந்த அடுக்குமாடிக் கார்பார்க்கில் லிப்டுக்குக் காத்திருக்க முடியாமல் படியேறினேன். ஏறிப் பார்த்தால் என் கார் இல்லை. அதே தூண், அதே மஞ்சள் கோடு, கார் மட்டும் வேறு. மாடி எண்ணைப் பார்த்து வைத்துக்கொள் என்று லாத்தா நூறு தடவை சொல்லியிருக்கிறார். மூன்றா, நான்கா? பொத்தானை அமுக்கினால் விளக்கு மின்னும், கண்டுபிடிக்கலாம். ஆனால் இருக்கிற பதற்றத்தில் தப்பான பொத்தானை அமுக்கிவிடுவேனோ என்று பயந்து சாவியைத் தொடவே இல்லை. கையில் பாம்பைப் பிடித்திருப்பதுபோல அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த மாடிக்கு ஓடினேன்.

நான் நினைத்துக்கொண்டு போனதெல்லாம் ஹார்ன் சத்தத்தைத்தான். விடாமல் அடித்துக்கொண்டிருப்பார், ஆட்கள் கூடியிருப்பார்கள், என்னைக் கிழி கிழியென்று கிழிப்பார்கள். அந்த மாடியில் ஒரு சத்தமும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

கார் இருந்தது. லாத்தா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் கதவுக் கைப்பிடியைப் பிடித்திருந்தார். துப்பட்டா நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. பஞ்சு வைத்த வாய் ஓதிக்கொண்டிருந்தது. ஹார்ன் ஒரு கை தூரத்தில் இருந்தது. காலடியில் கைப்பை, அதற்குள் போன். இரண்டையும் அவர் தொட்டிருக்கவில்லை. திருட்டு அலாரமாவது கத்தியிருக்கலாம், அது எப்போதோ கெட்டுப்போய் நான் மாற்றாமல் விட்டிருந்தேன்.

திறக்கிற பொத்தானை அமுக்கிக் கதவை இழுத்தேன். அவர் கைப்பிடியை விடவில்லை. கதவோடு சேர்ந்து அவரும் சரிந்து என்மேல் விழுந்தார். உடம்பு தீயாகச் சுட்டது. தரையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பஞ்சைத் துப்பினார், ரத்தமாக இருந்தது.

"எத்தன தடவ அமுக்குன?" என்றார்.

"ரெண்டு."

தலையாட்டினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஹார்ன் அடிச்சிருக்கலாமே லாத்தா. நீங்கதானே சொன்னீங்க" என்று அழுதேன்.

"எல்லாம் ஞாபகம் வந்துச்சு. ஒன்னு விடாம வந்துச்சு. கைதான் போகல."

மறுநாளிலிருந்து அவர் வேலைக்குப் போகவில்லை. என் சமையலறை ஜன்னலிலிருந்து கார்பார்க் தெரியும். காலையில் தன் காருக்குப் போவார். கதவைத் திறந்து உட்காருவார், ஒரு கால் வெளியில் இருக்கும். அந்தக் காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்த வேண்டும். அது மட்டும் நடக்கவில்லை. கால் மணி நேரம் அப்படியே இருந்துவிட்டு இறங்கிப் போவார். தினமும் இப்படி. பத்தாம் நாள் வாடகைக்குக் கொடுத்தவன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தக் கார்தான் அவருடைய சோறு. அதற்கும் மேலே, அவர் அவராக இருந்ததே அதில்தான். நான் அதைப் பறித்துவிட்டேன் என்று படுத்தால் தூக்கம் வரவில்லை. மூன்றாம் மாடியில் லிப்ட் நின்றால்கூட எங்கே லாத்தா ஏறிவிடுவாரோ என்று தலையைக் குனிந்துகொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரே வந்து மணி அடித்தார்.

"கார் சாவிய எடுத்துட்டுக் கீழ வா."

வந்தேன். என் காரில் அன்றைக்கு இருந்த அதே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கச் சொன்னார். "வெளிய போய் ரெண்டு தடவ அமுக்கு" என்றார்.

"முடியாது லாத்தா. என்னால முடியாது. வேற யாரையாவது கேளுங்க."

"வேற யார கேக்குறது? நீதானே பூட்டுன."

அமுக்கினேன். அவர் கை கைப்பிடிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. ஹார்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. அரை நிமிடம்கூடத் தாங்காமல் நான் திறந்துவிட்டேன்.

"ஏன் தொறந்தே?"

"உங்க மொகத்தப் பாத்துப் பயந்துட்டேன்."

"அடுத்த வாரம் திரும்பி நில்லு."

அடுத்த வாரம் முதுகைக் காட்டி நின்றேன். பின்னால் கைப்பிடி லொடலொடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு நிமிடம் பொறுத்தேன். திறந்தபோது அவர் சட்டை நனைந்திருந்தது. "நீ பக்கத்துல நிக்கிறேன்னு எனக்குத் தெரியுது. எப்படியும் தொறந்துருவேன்னு தெரியுது. அதான் கை சோம்பேறியா இருக்கு" என்றார். மூன்றாவது ஞாயிறு, நான் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட வேண்டும் என்றார். ஹார்ன் சத்தம் கேட்கும்வரை வரவே கூடாது.

"கேக்கலன்னா?"

"கேக்கும்வரை வராதே."

இரண்டு தடவை அமுக்கிவிட்டு நடந்தேன். தபால் பெட்டிகள் இருக்கிற தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கிருந்து கார் தெரியாது. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. எண்ணினேன். அறுபது. நூறு. கோப்பிக் கடையில் யாரோ கோப்பைகளைக் கழுவுகிறார்கள். நூற்று ஐம்பது. ஒரு தாத்தா பறவைக்கூண்டைத் தூக்கிக்கொண்டு போகிறார். இருநூறு. சாவி என் உள்ளங்கையில் வழுக்கியது. இருநூற்று நாற்பதில் அழுதுவிட்டேன். ஓடிப்போய்த் திறந்தால் அவர் இனி என்னைக் கேட்கவே மாட்டார். திறக்காமல் அங்கே ஏதாவது ஆகிவிட்டால்? கால் ஒரு அடி முன்னால் வைக்கும், திரும்ப வரும். எத்தனை எண்ணினேன் என்பது மறந்துபோனது.

அப்போது அடித்தது.

முதலில் ஒரு சின்னச் சத்தம், தவறிப் பட்டதுபோல. அப்புறம் நீளமாக, விடாமல். மாடி நடைபாதைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் மாடிச் சீனக் கிழவி கையை நீட்டித் திட்டினாள். நான் செருப்பு ஒரு பக்கம் கழன்று விழ ஓடினேன்.

லாத்தாவின் இரண்டு கைகளும் கதவுக் கைப்பிடியில்தான் இருந்தன. அன்றும் அவை விடவில்லை. உடம்பை முறுக்கி, முதுகைக் கதவில் கொடுத்து, வலது காலை நீட்டி, செருப்புக் காலால் ஸ்டியரிங்கின் நடுவில் மிதித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

திறக்கிற பொத்தானை அமுக்கினேன். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டேன்.

"வந்துட்டேன் லாத்தா! போதும், காலை எடுங்க, ஊரே பாக்குது!"

அவர் காலை எடுக்கவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தார்.

"நீ வந்துட்டே, தெரியுது" என்று அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினார். "இது அந்த வேனுக்கு."